கைக்கு எட்டிய வால்வு

கட்டிலுக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயைத் துடைப்பக் கட்டையால் தூக்கி, அதில் தேங்கிய தண்ணீரை மீனாம்பாள் வாளியில் சரித்தாள். டெய்ரி ஃபார்ம் என்கிற அந்தக் குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் குடத்தோடு முண்டியடிக்க வேண்டும். அவள் வீட்டில் மட்டும் அது சீலிங்கிலிருந்து ஓயாமல் வந்தது. அதில் அவள் பாத்திரம் கழுவினாள்.

கட்டிலில் கிடந்தவர் அவள் கணவர் சந்திரன். கட்சால் தீவுத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. இடது கையால் டம்ளரைப் பிடித்துத் தானே கஞ்சி குடிப்பார். யாரையும் எதிர்பார்க்காமல் அவர் செய்கிற காரியம் அது ஒன்றுதான். இருப்பது ஒரே அறை. கட்டிலை நகர்த்தினால் அடுப்பில் இடிக்கும்.

மேல்வீட்டில் ஸ்ரீதர் குடியிருந்தான். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்த அரசு ஊழியன். கப்பலில் திரும்பக் கொண்டுபோக வேண்டிய சாமானை அவனைப் போன்றவர்கள் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கு எடுப்பார்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்ட அவன் வாடகைக் கடையில் எடுத்த கீசர் பின்பக்கம் ஒழுக ஆரம்பித்தது. அதை மாட்டச் சுவரில் போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்கியது.

மீனாம்பாள் மாடியேறிப் போய்க் கேட்டாள்.

"சார், அந்த பைப்ப மூடி வைங்க சார். அவருக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. மேல காரை வேற உப்பிக்கிட்டு நிக்குது."

"கடையில சொல்லிட்டேம்மா. ஆள் வருவான்."

"ஆள் வர்றப்ப வரட்டும். நீங்க மூடுங்க."

ஸ்ரீதர் மறுபடியும் கடைக்குப் போன் போட்டான். கடைக்காரர் தினேஷ்குமார் பதறினார்.

"கை வெச்சிடாதீங்க சார்! எங்க ரிப்பேர் மிஸ்திரி வந்து கண்ணால பாத்தாத்தான் மெஷின் கோளாறுன்னு எழுத முடியும். கீசருக்குத் தண்ணி போற வால்வ நீங்க திருகிட்டா, நீங்கதான் திருகி ஒடச்சீங்கன்னு ஆயிடும். கீழ்வீட்டு நுக்சான், நஷ்டம் பூரா உங்க தலையில."

"மிஸ்திரி எப்ப வருவாரு?"

"கார் நிக்கோபார்ல மாட்டிக்கிட்டான். மௌசம் கராப், ஒரே மழை காத்து, ஷிப் கேன்சல். நீந்தி வரச் சொல்லட்டுமா?"

வீட்டுக்காரர் லம்பா லைன் பகுதியில் குடியிருந்தார். போனில் அவர் அதைவிடத் தெளிவாகப் பேசினார்.

"அரே பாய், நான் வீடு குடுத்தேன். கீசர் குடுத்தேனா? மாட்டினது நீங்க, செவுத்துல ஓட்ட போட்டது கடைக்காரன். நீங்க ரெண்டு பேரும் தீத்துக்குங்க. ஒண்ணு சொல்றேன், எதையும் கலைக்காதீங்க. நான் வந்து பாக்கறப்ப ஒழுகணும். சம்ஜே, புரிஞ்சுதா?"

ஆக, ஒழுக வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். ஸ்ரீதர் வீடியோ எடுத்துப் பத்திரப்படுத்தினான்.

"மூடித் தொலைங்களேன்," என்றாள் அவன் மனைவி கார்த்திகா. "நான் கேஸ்ல வெந்நீர் வெச்சுக்கறேன்."

"சும்மா இரு. மூடினா நம்ம தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி."

அவன் கெட்டவன் இல்லை. கீழ்வீட்டுக்குப் பெரிய வாளி ஒன்று வாங்கிக் கொடுத்தான். சந்திரனுக்கு ஹார்லிக்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தான். வால்வை மட்டும் தொடவில்லை.

மழை வலுத்தது. கப்பல் வரவில்லை. ஒரு மத்தியானம் மீனாம்பாள் மறுபடி மாடியேறி வந்து கதவைத் தட்டினாள். ஸ்ரீதர் ஆபீசில் இருந்தான். மூடிவிடட்டுமா என்று கார்த்திகா போனில் கேட்டதற்கு, "நான் வந்து பேசிக்கறேன்" என்றான். மீனாம்பாள் பாதிப்படி இறங்குவதற்குள் கீழே சத்தம் கேட்டது.

காரை மட்டும் விழவில்லை. துருப்பிடித்த கம்பியோடு ஒரு கான்கிரீட் பாளம் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு வந்து சந்திரனின் இடது கையில் விழுந்திருந்தது. மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

தகவல் தெரிந்து ஓடி வந்த ஸ்ரீதர், முதலில் மாடிக்குப் போய் வால்வை மூடினான். கையை அரைச்சுற்றுத் திருப்பினான், அவ்வளவுதான். பிறகு கீழே வந்து சந்திரனைத் தூக்கினான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வீட்டுக்காரரும் கடைக்காரரும் வந்து நின்றார்கள். நோயாளியைப் பார்க்க இருவருமே உள்ளே போகவில்லை.

"உங்க கீசர் தண்ணிதானே?" என்றார் வீட்டுக்காரர்.

"தண்ணி என்னோடது. கான்கிரீட் யாரது? கடல் மணல்ல கட்டினா தண்ணி இல்லாமலே விழும் சேட்."

"ஸ்ரீதர் சார், அந்த வீடியோவக் காட்டுங்க. யாரு மேல தப்புன்னு தெரிஞ்சிடும்!" என்றார் வீட்டுக்காரர்.

வார்டிலிருந்து மீனாம்பாள் வெளியே வந்தாள். அழவில்லை. அந்த இரண்டு பேரையும் பார்க்கவும் இல்லை. நேராக ஸ்ரீதரிடம் கேட்டாள்.

"இன்னிக்கு யாரக் கேட்டு மூடுனீங்க சார்?"

ஸ்ரீதர் அந்த இருவரையும் திரும்பிப் பார்த்தான்.

"மிஸ்திரி வந்தாரா? இவுங்க ரெண்டு பேரும் சரின்னாங்களா? இல்லைல்ல? யாரையும் கேக்காமத்தான மூடுனீங்க. அத அன்னிக்கே செஞ்சிருக்கலாம்ல."

"ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கறேம்மா..."

"குடுங்க. வேணாம்னு சொல்ல மாட்டேன், எனக்கு வேற வழி இல்ல. ஆனா நான் உங்க வாசல்ல வந்து காசு கேக்கல சார். மூடச் சொன்னேன். அதுக்குக் காசே ஆகாது."

அவள் உள்ளே திரும்பிவிட்டாள். சந்திரனுக்குத் தாகம். டம்ளரை இனி அவள்தான் பிடிக்க வேண்டும். அந்த விரல்கள் மறுபடி மடங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை.

வராந்தாவில் வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பித்தார். ஸ்ரீதர் அவரைக் கையமர்த்தினான்.

"நிறுத்துங்க. நஷ்டத்த யார் தரணும்னு பேச நமக்கு எவ்வளவோ நாள் இருந்துச்சு. வழக்குப் போட்டா இன்னும் பத்து வருஷம்கூடப் பேசலாம். ஒழுகறத நிறுத்த வேண்டியது யாருங்கறதுல பேச்சே கெடையாது. வால்வு எவன் கைக்கு எட்டுதோ, அவன். அது என் கைக்குத்தான் எட்டுச்சு."

கடைக்காரர் தினேஷ்குமார் மெல்லக் கேட்டார்.

"அப்போ, தப்பு உங்க மேலதான்னு ஒத்துக்கறீங்க?"