விலை ஏறப்போகும் வண்டி

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நிறுத்தி வைத்தாலே விலை ஏறும் என்று நம்பி வாங்கின ஒரு வண்டியின் கதை சொல்கிறேன்.

ஒரு கண்டக்டரம்மா இருந்தாள். வேலைக்காலம் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனவள். ஓய்வு பெற்றதும் அவளுக்கு ஒரே ஆசை, உட்கார்ந்துகொண்டு கடல்வரைக்கும் ஒரு பயணம். அவள் புருஷன் அருங்காட்சியகக் காவலாளி. நின்ற இடத்தை விட்டு நகராதவர். "தொடாதீங்க" என்பதற்கு மேல் அங்கே அவர் அதிகம் பேசியதில்லை.

அவளுக்கு வந்த ஓய்வுப் பணத்தில் அவர்தான் அந்தப் பழைய கேம்பர் வேனைத் தேடிப்பிடித்தார். மடக்குக் கட்டில், குட்டி அடுப்பு, உள்ளங்கை அகலத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி. கண்டக்டரம்மா அன்றைக்கே பையைக் கட்டிவிட்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கடலுக்கு."

"இது ஊர் சுத்துற வண்டி இல்லம்மா. இந்த மாதிரி இனிமே வராது. ஓட்டாம வெச்சிருந்தா விலை தானா ஏறும். வித்துட்டு அந்தக் காசுல கடலுக்குப் போலாம்."

"எதுல?"

"பஸ்ல."

அவள் அவரைப் பார்த்த பார்வையை, டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டவர்கள் மட்டுமே அறிவார்கள்.

அவர் வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார். இருக்கைகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டார். காலையில் குளித்துவிட்டுப் பக்கத்தில் கைகட்டி நிற்பார். தூசி தட்ட மட்டும் அவளுக்கு அனுமதி, அதுவும் பூனைமுடி போன்ற தூரிகையால். உட்கார்ந்தால் பஞ்சு அமுங்கிவிடுமாம்.

"ஏறிச்சா?" என்பாள் அவ்வப்போது.

"ஏறிக்கிட்டே இருக்கு."

இப்படியே வருஷங்கள் ஓடின. வண்டிதான் ஓடவில்லை.

கடைசியில், பழைய வண்டி வாங்கி விற்கிற வியாபாரியம்மா ஒருத்தி வந்தாள். கயிற்றை ஒற்றை விரலால் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். காவலாளியின் "தொடாதீங்க" அவள் காதில் ஏறவில்லை. அவள் டயரை அமுக்கினாள், உள்ளே மோந்து பார்த்தாள், சாவியைத் திருகச் சொன்னாள். வண்டி இருமிவிட்டு அடங்கியது.

"நிக்க வெச்சே கெடுத்துட்டீங்களே ஐயா. ரப்பரெல்லாம் காஞ்சு கிடக்கு. ஓடுற வண்டிக்குத்தான் இப்ப மதிப்பு. பாதி விலைன்னா எடுத்துக்கிறேன்."

அவர் முகம் தொங்கிப்போனது. பாதிப் பணத்தோடு வண்டியும் போய்விட்டால் கடலும் போயிற்று என்று கண்டக்டரம்மாவுக்குப் புரிந்தது.

"தள்ளிப் பாத்துட்டுப் பேசுவோம். நீங்க ஏறி உக்காருங்கம்மா" என்று வியாபாரியம்மாவை உள்ளே ஏற்றினாள். புருஷனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தாள். பிறகு தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். பஸ் நெரிசலையே பின்னுக்குத் தள்ளின குரல். தெருவே வந்து தள்ளியது. வண்டி குலுங்கி உறுமி ஓட, அவள் ஒரே எட்டில் தொற்றி ஏறினாள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு அமர்ந்தாள்.

"நிறுத்தாதீங்க. நின்னா மறுபடி எடுக்காது."

"எங்கடி போறது?"

"நேரா."

"என்னை முக்குல இறக்கி விட்டுருங்க" என்றாள் வியாபாரியம்மா.

"நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது."

கடற்கரை மணலைத் தொட்டதும் வண்டி தானாகவே மூச்சை விட்டு நின்றுபோனது. வேறென்ன செய்வது, அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டார்கள். இரண்டாவது கோப்பையில் வியாபாரியம்மாவின் கோபம் கரைந்தது.

"பரவாயில்ல, ஓடுது. கொஞ்சம் ஏத்தியே தரேன்."

கண்டக்டரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, இருக்கையில் சிந்தின டீயைச் சட்டைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வேணாம்மா. இன்னும் ஏறும்."

"ஓட்டினா குறையும்னீங்க?" என்றாள் மனைவி.

"குறைஞ்சா குறையட்டும். நீ கொஞ்சம் தள்ளி உக்காரு, கடல மறைக்கிற."

உங்கள் வீட்டிலும் வாங்கின பொருளெல்லாம் புழங்கித் தேயட்டும், கண்ணுகளா. ஆசைப்பட்ட இடத்துக்கெல்லாம் கால் வலிக்குமுன் போய்ச் சேருங்கள். நல்லா இருங்கள்.