தொப்பை தள்ளிய குச்சி

என் கணவரும் என் தம்பியும் ஹாலில் ரிமோட் விமானம் கட்டினார்கள். அதைப் பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். ஆள் நீளம், உள்ளே நிஜமான டர்பைன் என்ஜின், மண்ணெண்ணெயில் ஓடும். சாப்பாட்டு மேசையில் இறக்கை கிடந்ததால் நாங்கள் தரையில் சாப்பிட்டோம். தம்பிக்கு எல்லாமே அரைகுறைதான். அவன் மாட்டிய திரைச்சீலை கம்பியோடு என் தலையில் விழுந்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. ரிமோட்டில் வேகக் குச்சியை அடியில் வைத்துக்கொண்டு விமானத்தின் பொத்தானை அழுத்த வேண்டும். அப்போது குச்சி இருக்கும் இடத்தை விமானம் நினைவில் வைத்துக்கொள்ளும்; பிறகு எப்போது தொடர்பு அறுந்தாலும் வேகத்தை அந்த இடத்துக்கே கொண்டுபோகும், என்ஜின் தானாக அணைந்துவிடும். அவர் பொத்தானை அழுத்தும் நேரம் பார்த்து, ரிமோட்டைப் பிடித்திருந்த தம்பி எட்டிப் பார்க்கக் குனிந்தான். அவன் தொப்பை பட்டுக் குச்சி உச்சிக்கு ஏறியதை நான் பார்த்தேன்.

"குச்சி மேல இருந்துச்சுங்க. இன்னொரு தடவ அழுத்துங்க."

"உனக்கென்ன தெரியும்? இதுல மூக்க நுழைக்காத."

கொல்லையில் விமானத்தின் வாலைத் தூணோடு கயிற்றால் கட்டி ஓடவிட்டார்கள். அந்தக் கீச்சொலியில் பல் கூசியது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு உள்ளே ஓடியது.

"இப்பப் பாரு, ரிமோட்ட அணைச்சா தானா அடங்கிடும்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடியே அணைத்தார்.

சத்தம் அடங்கவில்லை, ஏறியது. கயிறு விண்ணென்று விறைத்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

விமானத்தின் மூக்குக்கு நேரே நின்றிருந்த தம்பி கத்தினான்: "பயப்படாதீங்க மாமா, முடிச்சு நான்தான் போட்டேன்!"