கூரை உச்சியில் ஒரு வழி

கல்லூரியில் ஹைட்ரஜன் பயிற்சிக்கூடம் கட்டும் வேலையை எடுத்தது, அங்கே பாடம் நடத்தப்போகும் பேராசிரியையின் நாத்தனார். கட்டடக் கான்ட்ராக்டர், கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருப்பதால், சண்டை வந்தால் சாப்பாட்டு மேஜை வரை வந்துவிடுமே என்று பேராசிரியையின் கணவர் முன்கூட்டியே கவலைப்பட்டார். அவர் பயந்தபடியே ஆயிற்று.

பேராசிரியை பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது, சரிவான கூரைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு ஃபால்ஸ் சீலிங் முளைத்திருந்தது. ஓரமெங்கும் குழிவான அலங்காரம்.

"எப்படி இருக்கு அண்ணி? வெறும் தகரத்தைப் பாத்துக்கிட்டா பிள்ளைங்க படிப்பாங்க? இது என் அன்பளிப்பு."

பேராசிரியை கூரையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு. ஆனா எடுக்கணும்மா."

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. "நான் என்ன செஞ்சாலும் உங்களுக்கு ஒரு குறை."

"ஹைட்ரஜன் காத்தைவிட ரொம்ப லேசு. கசிஞ்சா விர்ருனு மேல போகும். அது வெளிய போகத்தான் உச்சியில திறப்பு விட்டோம். நீ அந்த வழியை அடைச்சிட்ட."

"ரெண்டு ஃபேன் மாட்டினாப் போச்சு."

அன்றிலிருந்து இரண்டு நாள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "அண்ணா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்ற அளவில் குடும்பம் நடந்தது.

மூன்றாம் நாள் பேராசிரியை இருபது ஹீலியம் பலூன்களோடு கூடத்துக்கு வந்து, எல்லாவற்றையும் பறக்கவிட்டாள். அவை மேலே ஏறி, உருண்டு, அலங்காரக் குழிகளுக்குள் போய் ஒட்டிக்கொண்டன.

"ஒண்ணையாவது வெளிய அனுப்பு, பாக்கலாம்."

நாத்தனார் தான் மாட்டியிருந்த இரண்டு ஃபேனையும் போட்டாள். பலூன்கள் ஆடின, நகரவில்லை. கொம்பால் தள்ளினாள். ஒன்று நழுவி அடுத்த குழிக்குப் போனது. கொம்பைக் கீழே போட்டாள்.

"இது வாயுவா இருந்தா?"

"கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் கிடையாது. ஒரு சின்னப் பொறி பட்டாப் போதும்…"

"போதும் அண்ணி, எடுத்துடலாம்."

ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, முதல் பலகையை அவளே பெயர்த்தாள். அந்த இடைவெளியில் ஒரு சிவப்புப் பலூன் எழும்பி, சரிவோடு வழுக்கி, உச்சித் திறப்பு வழியே வானத்துக்குப் போனது. பின்னாலேயே இன்னும் மூன்று. மைதானத்தில் விளையாடிய மாணவர்கள் கைதட்டினார்கள். நாத்தனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாதக் கடைசியில் பாதுகாப்பு அதிகாரி வந்தார். கசிவைக் கண்டுபிடிக்க உச்சியில் வைத்திருந்த உணர்கருவியில் சோதனை வாயுவைக் கொஞ்சம் காட்டினார். மணி அலறியது, வாயுவை வெளியே தள்ளும் விசிறிகள் சுழன்றன, வெளியே சிலிண்டர் வால்வு தானாக மூடிக்கொண்டது.

"இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க சார்" என்றாள் நாத்தனார். அவரும் முகம் சுளிக்காமல் செய்து காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாத்தனாரும் வந்திருந்த முதல் வகுப்பில் ஒரு மாணவி, "ஏன் மேடம் கூரை மொட்டையா இருக்கு?" என்று கேட்டாள். பேராசிரியை வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சாக்பீஸை எடுத்துவிட்டாள். படம் போட்டு, கையை ஆட்டி, இருபது நிமிடம் பிளந்து கட்டினாள். பேராசிரியை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க மேடம்?" என்றான் ஒருவன்.

"மேல்கூரை" என்றாள் நாத்தனார்.

சிரிப்பு அடங்கியதும், பேராசிரியை மேஜைக்கு வந்து, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தின் குழாயைத் திறந்தாள். சத்தமோ புகையோ இல்லாமல், அதோடு இணைத்திருந்த குட்டி மோட்டார் சுற்றத் தொடங்கியது. கலத்தின் ஓரத்தில் கழிவாகத் திரண்ட தண்ணீர்ச் சொட்டைப் பார்க்க, முப்பது பேரையும் முந்திக்கொண்டு நாத்தனார் குனிந்தாள்.