மாறாத எண்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அக்கா நர்ஸ். அந்தக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகளைச் செய்யும் கம்பெனியில் தங்கைக்கு வேலை. பெட்டியின் திரைக்கும் வெப்பம் பார்க்கும் சென்சாருக்கும் நடுவே நின்று பேச்சுவார்த்தை நடத்தும் டிரைவர் நிரல், அவள் எழுதியது.

ஒரு மழை மதியம் அக்கா போன் செய்தாள்.

"உன் பெட்டி முப்பத்தாறு புள்ளி எட்டுன்னே காட்டிட்டு இருக்குடி. தொட்டுப் பார்த்தா புள்ள சில்லுன்னு இருக்கான்."

"ஐயோ! இப்ப எப்படி இருக்கான்?"

"வேற பெட்டிக்கு மாத்திட்டேன். நல்லா இருக்கான். நீ கிளம்பி வா."

தங்கை வார்டுக்கு வந்தபோது காலிப் பெட்டியை ஜன்னலோரம் தள்ளி வைத்திருந்தார்கள். மழைநீரின் நிழல் கண்ணாடி மேல் வழிந்துகொண்டே இருந்தது. வார்டே தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பதுபோல் ஒரு பச்சை வெளிச்சம். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கி ஓய்ந்தது. திரையில் 36.8. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் சொக்கியது. அரைத்தூக்கத்தில் அவள் நீளமான நடைக்கூடத்தில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனாள். பதிலுக்கு நிற்கவில்லை. பின்னால் ஒரு கதவு திறந்து யாரோ, "என்னால முடியல" என்றார்கள். கேட்க ஆளில்லை.

திடுக்கிட்டு விழித்து மடிக்கணினியைத் திறந்தாள்.

நிரல் சென்சாரிடம் வெப்பம் கேட்கும். பதிலுக்குக் காத்திராமல் வேறு வேலை பார்க்கும். பதில் வந்ததும் ஒரு சின்னப் பகுதி அதை வாங்கித் திரையில் போட்டுவிட்டு, மறுபடி கேட்கும். பதிலுக்குப் பதிலாகப் பிழை வந்தால்? அங்கே ஒரே வரி: திரும்பிப் போ. திரைக்குச் சொல்வதும் இல்லை, மறுபடி கேட்பதும் இல்லை. பழைய எண் அப்படியே நின்றுவிடும்; சூடாக்கும் கருவியும் அதையே நம்பிச் சும்மா இருந்துவிடும். பக்கத்தில் அவளே மூன்று வருடம் முன்னால் எழுதிய குறிப்பு: பிறகு பார்க்கலாம்.



ஆபீசில் எல்லாரும் 'தலை' என்று கூப்பிடும் மேலாளருக்குப் போன் போட்டாள்.

"ஒயர் லூசா இருந்திருக்கும்மா. மாத்திடலாம்."

"ஒயர் லூசுதான் தலை. அத வெளிய சொல்லாம முழுங்கினது நான் எழுதின நிரல். எல்லா ஆஸ்பத்திரிக்கும் இப்பவே சொல்லுங்க. பெட்டிய நம்பாம தெர்மாமீட்டர் வச்சுப் பார்க்கட்டும்."

"யார் தலை உருளும்னு தெரியுதுல்ல?"

"என்னோடதுதான். உருளட்டும்."

"சொல்லிடறேன்," என்றார்.

முதலில், பிழை வந்தால் மறுபடி கேட்கும்படி மாற்றினாள். ஒயரைப் பிடுங்கினால் நிரல் சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பழைய எண் மட்டும் நகரவில்லை. மூன்று முறை தவறினால் எண்ணை அழித்துவிட்டு மணியடிக்கச் செய்தாள். அப்புறம், நேரம் தாண்டி வந்த ஒரு பதில் புதுசுபோலத் திரையில் ஏறி உட்கார்ந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, கெடு முடிந்ததை வாசலோடு திருப்பி அனுப்பினாள். விழித்திருக்கிறோமா, கனவா என்று தெரியாமலே மூன்று நாள் கழிந்தது.

நான்காம் நாள் அக்காவே காலிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். எண் மறைந்து கோடுகள் வந்தன. மணி அலறியது.

இருபது தடவை பிடுங்கிப் பார்த்த பிறகுதான் அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவமாக்கா?"

"இல்லாம? மொதல்ல சாப்பிடு. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."