வெர்னாவின் பின்னால் வந்த மீன்

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, பகல் மூன்று மணிக்கு, வெர்னா ஹோகன் படகைக் கரையில் கட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தபோது, நான்கரை அடி நீள மஸ்கி மீன் ஒன்று லெனோரா ஏரியைவிட்டு வெளியேறி அவள் பின்னாலேயே வந்தது. தரையிலிருந்து இடுப்புயரத்தில், அவசரமில்லாமல் வாலை அசைத்தபடி காற்றில் வந்தது. பெட்ரோல் பங்கில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மஸ்கி என்றால் தூண்டிலைத் தொடர்ந்து படகுவரை வரும், கடிக்காமல் ஆளை ஒரு பார்வை பார்க்கும், திரும்பிவிடும். இது திரும்பவில்லை, அவ்வளவுதான்.

மாலையில் ஊரில் மஸ்கி பிடிப்பவர்களின் சங்கத் தலைவர் கிளீட் ஸெலின்ஸ்கி அளவுப்பலகையோடு வந்தார். ஐம்பத்து நான்கு அங்குலம், பெட்டை.

"முப்பது வருஷமா என் பின்னால வந்ததெல்லாம் படகோட நின்னுடுச்சு. உனக்கு மட்டும் வீட்டு வாசல் வரைக்குமா? அப்படி என்னத்தைப் போட்டு இழுத்தே?"

"ஒண்ணுமே போடல கிளீட். சும்மா உக்காந்திருந்தேன்."

அவள் கணவன் ஆரின் இறந்தபின் அது இரண்டாவது இலையுதிர்காலம். அடக்கத்தன்றுகூட அவள் அழவில்லை. அதன்பிறகு அவள் பேச்சும் குறைந்துபோயிருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மீன் அவள் வீட்டில் இருந்தது. அதற்குச் சூடு ஆகாது என்று வெர்னா ஹீட்டரைத் தணித்து, சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்து, வீட்டுக்குள்ளேயே மேல்கோட்டோடு நடமாடினாள். வாசல் பனியை வாரப்போகிறேன், சூப்பில் உப்பு கூடிவிட்டது என்று எதையாவது அதனிடம் சொல்லிக்கொண்டேயிருந்தாள். தேவாலயத்தில் அது கடைசி வரிசைக்கு மேலே மிதந்தது. வெள்ளிக்கிழமைகளில் மதுக்கடையில் ஊரே வறுத்த மீன் தின்னும் வழக்கம். அவள் உள்ளே வந்தால் மட்டும் சங்கத்தார் மரியாதைக்காகக் கோழி கேட்டார்கள்.

ஏப்ரலில் ஏரியின் பனி உடைந்தது. மீனின் வயிறு பெருத்திருந்தது. கிளீட் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்பது வருடங்களாக லெனோராவில் ஒரு மஸ்கிக் குஞ்சுகூடத் தானாகப் பொரிக்கவில்லை. சங்கம்தான் பண்ணையிலிருந்து குஞ்சு வாங்கி விட்டுவந்தது. ஏரியின் வடக்கு வளைவில் மீன் முட்டையிட இடம் வேண்டுமென்று சேற்றை வாரி, கோரையை வளர்த்து, இரண்டு கோடைகாலம் பாடுபட்டவர்களில் வெர்னாவும் ஒருத்தி.

"வெர்னா, நான் சொல்லி நீ தெரிஞ்சுக்க வேண்டியதில்ல..."

"தெரியும்."

"வயிறு அவ்ளோ பெருசா..."

"தெரியும்னு சொன்னேன்ல, கிளீட்!" காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் போனாத்தான் அது போகும்."

மறுநாள் காலை அவள் இடுப்பில் கயிறு கட்டி, சங்கத்தார் இருபது பேரும் கரையில் நின்று பிடித்துக்கொண்டார்கள். வடக்கு வளைவில் பனித்துண்டுகள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன. முழங்கால், இடுப்பு, மார்பு என்று அவள் இறங்க, மீனும் கூடவே தாழ்ந்து தண்ணீருக்குள் போனது. குளிரில் பற்கள் கிடுகிடுக்க, அதன் முதுகைத் தடவி ஏதோ சொன்னாள். முன்னால் நின்ற கிளீட்டுக்கு அது காதில் விழுந்தது. கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு திரும்பிப் பார்க்காமல் கரையேறினாள்.

"பின்னால வருதா?"

"இல்லம்மா," என்றார் கிளீட்.

"நல்லது," என்றாள் வெர்னா. போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மீனுக்காகவும் ஆரினுக்காகவும் சேர்த்து அழுதாள். கயிற்றைப் பிடித்திருந்த யாரும் அதைக் கீழே போடவில்லை.

ஜூன் முடிவில், வடக்கு வளைவில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகளின் கணுக்காலைச் சுற்றி விரல்நீள மஸ்கிக் குஞ்சுகள் புல்தரையில் மிதந்து வந்தன. சங்கத்தார் அவற்றைப் பிள்ளைவாரியாக எண்ணி எழுதிக்கொண்டார்கள். சாயங்காலமானால் ஏரிக்கரை வீடுகளிலெல்லாம் அம்மாக்களின் குரல் கேட்கும்: "தட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி அதுங்களக் கொண்டுபோய்த் தண்ணியில விட்டுட்டு வா!"