இனிய நினைவுகள்: மேல்தாடை

முதலில் திரையில் வந்தது மேல்தாடையா கீழ்த்தாடையா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அன்று அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விளக்கை அணைத்தது பல் டாக்டர்தான் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே வாக்கு. ஆகவே நான் சொல்வதில் வரிசை முன்பின் இருக்கலாம். நடந்தது என்னவோ நடந்ததுதான்.

பல் டாக்டர் பேசாத மனிதர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கும் தொழில் அது. வருடக்கணக்காக அதில் இருந்தவருக்குப் பதிலை எதிர்பார்க்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. பேசாதவரிடம் ரகசியத்தைக் கொடுத்து வைக்க ஆட்கள் தாமாகவே தேடி வருவார்கள். அப்படி வந்தவர்தான் அவர் மனைவியின் சித்தப்பா.

சித்தப்பா மனைவியை இழந்து தனியாக இருப்பவர். கஞ்சி போட்ட சட்டை, படிய வாரிய தலை, கூடவே ஒரு சிரிப்பு. குடும்பத்தில் யார் வீட்டில் நாலு பேர் கூடினாலும், இருப்பதிலேயே கெட்டியான பிஸ்கட்டாகப் பார்த்து எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கடிப்பார். "இந்த வயசுல ஒரு பல்லு ஆடணுமே" என்பார். ஆடாது. எல்லாமே பல் டாக்டர் செய்து கொடுத்தது. விடுமுறை நாட்களில் கிளினிக்கின் பின்வாசல் வழியாக வந்து, மேலும் கீழுமாக முழு செட்டும் கட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளை இதைத் தன் சம்சாரத்திடம்கூட மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். டாக்டரும் மூச்சு விடவில்லை. சித்தப்பா பிஸ்கட் கடிக்கும்போதெல்லாம் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது சித்தப்பா மறுமணம் செய்துகொள்ள நினைத்தார். பூங்காவில் நடக்கப் போன இடத்தில் பழக்கமானவர், போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். அந்த அம்மாளைக் குடும்பத்துக்குக் காட்ட, அண்ணன் மகள் வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தார். அதற்கு முந்தின வாரம் கிளினிக்குக்கு வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மாப்பிள்ளை, அந்தம்மாகிட்ட நான் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கேன். எல்லாம் சொந்தப் பல்லுன்னு. இனி மாத்திச் சொன்னா, வேற எதெல்லாம் பொய்யோன்னு நினைப்பாங்க. என் வாழ்க்கை உங்க கையில இருக்கு."

"கையில இல்ல மாமா, உங்க வாயில இருக்கு" என்றார் டாக்டர். அந்த வருடத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

விருந்தாளி வருகிறார் என்றதும் டாக்டரின் மனைவிக்குக் கூடத்தை அப்படியே விடப் பிடிக்கவில்லை. கிளினிக்குக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் பழையது வீட்டு மூலையில் போர்வை போர்த்திக் கிடந்தது. அதைப் பெரிய டிவியோடு இணைத்துவிட்டால் படம், பாட்டு, குடும்பப் போட்டோ எல்லாம் சோபாவில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று அவள் தம்பி சொல்லியிருந்தான். அவன் சொல்வதற்கு என்றுமே குறைவில்லை. செய்வதற்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும்.

மைத்துனன் காலையிலேயே ஒயர் சுருளோடு வந்து இறங்கினான். கம்ப்யூட்டரை டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் நுழைத்தான். இணைத்ததும் படம் வந்தது, ஆனால் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, திரையில் வந்தவர் யாருக்கும் நெற்றி இல்லை. அதைச் சரி செய்தால் சத்தம் டிவியில் வராமல் ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள் விழுந்தவர் கூப்பிடுவதுபோல வந்தது. அதையும் சரி செய்தபோது கம்ப்யூட்டரின் விசிறி விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தது. டாக்டர் ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுப்பதும் வாங்குவதுமாகப் பக்கத்திலேயே நின்றார். கிளினிக்கில் நர்ஸ் அவருக்குச் செய்வது இதுதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மாலை வீட்டுக்குப் போகும்போது நர்ஸின் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்பதும் புரிந்தது.

"கரண்ட் போனாலும் படம் நிக்கக் கூடாது அத்தான்" என்று சொல்லி, மைத்துனன் கிளினிக்கின் பழைய யு.பி.எஸ். பெட்டியை இழுத்து வந்து டிவியையும் கம்ப்யூட்டரையும் அதில் மாட்டினான். ஒயரில்லாத கீபோர்டுக்கு பேட்டரி போதவில்லை. டிவி ரிமோட்டில் இருந்ததைக் கழற்றி அதில் போட்டான். கடைசியாக, மீடியா சென்டர் என்று ஒரு புரோகிராமை ஏற்றி, டிஸ்க்கில் இருக்கிற எல்லாப் போட்டோவையும் நீயே தேடி எடுத்துக்கொள் என்று அதற்கு உத்தரவு கொடுத்தான். சும்மா விட்டால் அதுவே போட்டோக்களை ஒவ்வொன்றாக ஓட்டும், பின்னணியில் வயலின்கூட வாசிக்கும் என்றான். டாக்டர் தலையாட்டினார்.

அங்கேதான் அவருக்குச் சனி பிடித்தது. கிளினிக்கின் போட்டோக்களைப் புதுக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தாரே தவிர, பழையதில் இருந்ததை அவர் அழிக்கவில்லை. எதையும் தூக்கி எறிகிற மனம் அவருக்குக் கிடையாது. பிடுங்கிய பல்லையே பாட்டிலில் போட்டு வைத்திருப்பவர்.

மாலையில் சித்தப்பாவும் ஸ்டுடியோ அம்மாளும் வந்தார்கள். அந்த அம்மாள் ஒல்லியாக, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி, எதையும் ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கிறவராக இருந்தார். சித்தப்பா பிஸ்கட் கடித்துக் காட்டினார். டாக்டர் கூரையைப் பார்த்தார். ஒரு படம் போட்டார்கள். பாதிப் படத்தில் தேநீர் வந்ததால் நிறுத்தி வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கீபோர்டில் பேட்டரி தீர்ந்தது. மைத்துனன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முனைக் கடைக்குப் போய் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினான்.

கூடத்தில் அமைதி. யாருக்கும் பேச எதுவும் வாய்க்காமல், தேநீரை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும் அமைதி. டாக்டருக்கு உலகத்திலேயே பிடித்த நேரம் அது. கம்ப்யூட்டரும் அமைதியைப் பார்த்தது. சும்மாதானே இருக்கிறார்கள் என்று அது தன் வேலையை ஆரம்பித்தது.

வயலின் இசை எழுந்தது. "இனிய நினைவுகள்" என்று பூப்போட்ட எழுத்து மிதந்து வந்தது. அதைத் தொடர்ந்து யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல் குகை மாதிரித் திரை நிறைய விரிந்தது. அது மெல்ல மெல்லப் பெரிதாகி, சோபாவை நோக்கி நகர்ந்து வந்தது. டாக்டரின் மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள். அடுத்து ஈறு. அதற்கடுத்து ஒரு சொத்தை. எந்த வாய் யாருடையது என்று தெரியாதவரை பெரிய மோசமில்லை. தொழில் சம்பந்தப்பட்டது என்று டாக்டர் முனகினார்.

பிறகு இசை மாறியது. "இனிய நினைவுகள்: ரகசியம்" என்று வந்தது.

டாக்டர் ரிமோட்டைத் தேடினார். சித்தப்பாவின் படங்களைப் போட்டு வைத்த ஃபோல்டருக்கு, பெயர் தெரியக் கூடாதே என்று அவர்தான் அப்படிப் பெயர் வைத்திருந்தார். பல்லே இல்லாத மேல்தாடை ஒன்று திரையில் உதித்தது. உதட்டோரம் ஒரு மச்சம், தேநீர்த் தட்டு அளவுக்கு. சித்தப்பா மெல்லக் கோப்பையை உயர்த்தித் தன் உதட்டோரத்தை மறைத்துக்கொண்டார்.

"ஐயோ பாவம்" என்றார் கோப்பைக்குப் பின்னாலிருந்து. "யாரு பெத்த புள்ளையோ."

டாக்டர் எழுந்தார். ரிமோட்டை எடுத்து அழுத்தினார். ரிமோட்டில் பேட்டரி இல்லை. டிவிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் தாடை தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், சுவரை அடைத்து நிற்கும் தாடையை எதில் மறைப்பது? ஸ்டாண்டுக்குப் பின்னால் தவழ்ந்து போய்க் கைக்கு அகப்பட்ட ப்ளக்கையெல்லாம் பிடுங்கினார்.

மேசை மின்விசிறி நின்றது. படம் பார்க்கும்போது எரியவிட்டிருந்த ஒற்றை மேசை விளக்கும் அணைந்தது. யு.பி.எஸ். மட்டும் பீப், பீப் என்று கடமையைச் செய்தது. கும்மிருட்டில், முன்பைவிடப் பளிச்சென்று, சித்தப்பாவின் மேல்தாடை வயலினோடு மிதந்தது.

ஸ்டுடியோ அம்மாளின் குரல் முதலில் வந்தது.

"வெளிச்சம் சரியில்ல. பக்கவாட்டுல இருந்து அடிச்சிருக்கணும்." கொஞ்சம் பொறுத்து, "அந்த மச்சம் எனக்குத் தெரிஞ்ச மச்சமா இருக்கே" என்றார்.

ஸ்டாண்டுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்த டாக்டருக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அமைதி தாங்க முடியாததாக இருந்தது. சித்தப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. காலையில் புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்துவிட்டு வந்திருப்பார் மனிதர். கொடுத்த சத்தியம் டாக்டருக்கு நினைவுக்கு வந்தது.

"அது என்னோட வாய்" என்றார் டாக்டர்.

"உங்களுக்கு எப்பங்க மச்சம் வந்துச்சு?" என்றாள் மனைவி.

"அப்ப இருந்துச்சு."

"பல்லு எப்ப முளைச்சுது?"

பொய் சொல்லிப் பழகாதவர் பொய் சொன்னால், தேங்காய் பொறுக்கத் தெரியாதவன் தென்னை மரம் ஏறிய கதைதான். ஆனால் அந்த நொண்டிப் பொய்தான் சித்தப்பாவை அசைத்தது. இருட்டில் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அதையடுத்து, டாக்டருக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த இன்னொரு சத்தம், ஈரமாக, கழன்று வரும் சத்தம்.

"மாப்பிள்ளை, போதும். வெளில வாங்க" என்றார் சித்தப்பா. சொற்களில் பாதி காற்றாகப் போயிற்று. "அம்மா, அது நான்தான். மேல, கீழ, எதுவும் சொந்தமில்ல. நீங்க கிளம்பறதுன்னா ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் வந்து விடறேன்."

அந்த நேரத்தில் மைத்துனன் பேட்டரியோடு உள்ளே வந்தான். கூடம் இருண்டு கிடப்பதைக் கண்டு, தடவிப் போய் ப்ளக்கைச் சொருகினான். விளக்கு எரிந்தது. கன்னங்கள் உள்ளே போய், உதடு மடிந்து, இரண்டு தாடைகளையும் கைக்குட்டையில் ஏந்தி உட்கார்ந்திருந்தார் சித்தப்பா.

"பாத்தீங்களா அத்தான்" என்றான் மைத்துனன் பெருமையாக. "கரண்ட் போச்சு. படம் நிக்கல."

ஸ்டுடியோ அம்மாள் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். சித்தப்பாவின் முகத்தை அவருக்கே உரிய அந்தக் கூடுதல் கணம் பார்த்தார்.

"எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார். "அவ்வளவு வரிசையாச் சொந்தப் பல்லு யாருக்கும் இருக்காது. காலமெல்லாம் கல்யாணப் போட்டோவுல பல்லை நானே உக்காந்து வரிசைப்படுத்தியிருக்கேன். நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன்." பிறகு, கைக்குட்டையை நோக்கிக் கை காட்டிச் சொன்னார்: "அதை மாட்டிக்கோங்க, டீ ஆறுது. மாட்டலைன்னாலும் இந்த முகத்துல நான் திருத்தறதுக்கு ஒண்ணுமில்ல."

சித்தப்பா சிரித்தார். பல் இல்லாமல் அவர் சிரித்து அந்தக் குடும்பம் அதுவரை பார்த்ததில்லை.

சித்தப்பாவும் ஸ்டுடியோ அம்மாளும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, இப்போது பூங்காவுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். சித்தப்பா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுகிறார். டாக்டரின் மனைவி, தன்னிடம்கூட மறைத்துவிட்டாரே என்று ஒரு வாரம் கணவரோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் நன்றாகத்தான் கழிந்தது என்று டாக்டர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் நர்ஸுக்குச் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை கொடுக்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டரிலிருந்த வாய்களையெல்லாம் தானே உட்கார்ந்து அழித்தார். பாட்டிலில் இருக்கும் பற்கள் அப்படியேதான் இருக்கின்றன. மைத்துனன் ஊரில் வேறு நான்கு வீடுகளுக்கு மீடியா சென்டர் அமைத்துக் கொடுத்தான். அதில் மூன்று வீடுகளில் இப்போது அவனைக் கூப்பிடுவதில்லை. கம்ப்யூட்டர் இன்னும் அந்த ஸ்டாண்டின் கீழ்த்தட்டில்தான் இரைந்துகொண்டிருக்கிறது.