ஆறும் நேரம்

பெர்சிஸ் டம்ளருக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். சுட்டது. சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து.

முன்னறைக் கட்டிலில் அவள் கணவர் பென்னி தாடை கட்டிக் கிடத்தப்பட்டிருந்தார். சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு முன் தங்கை எப்சிபா கொண்டுவந்த காப்பியில் பாதியைக் கொட்டச் சொல்லிவிட்டு, மீதியைச் சாரல் காற்று வரும் ஜன்னலோரம் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

காலையில் அவர் மிச்சம் வைத்ததும் அரை டம்ளர்தான். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர், ஆறினால் தொடமாட்டார். காப்பியைக் கொடுத்துவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனாள். போன் வந்தது. இறங்கி வந்தபோது நாற்காலி சாய்ந்து, அவர் தரையில் கிடந்தார். டம்ளர் ஜில்லென்றிருந்தது.

கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் என்றாள். அவர் மேலே கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் அதையே சொன்னாள். போனைத் திறந்தால் எவ்வளவு நேரம் பேசினாள் என்பது தெரிந்துவிடும். அதை அவள் தொடவில்லை. இந்தக் காற்றுக்குக் காப்பி பத்து நிமிடத்தில் ஆறிவிடும் என்று தெரிந்தால் போதும்.

நாலேகாலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மளமளவென்று இறங்கிய சூடு அதற்குப் பிறகு நகர மறுத்தது. நாலரைக்கும் விரலில் லேசாகத் தெரிந்தது. ஐந்தடிக்கும்போதுதான் காலையில் கையில் பட்ட அந்த ஜில்லிப்பு வந்தது. அதில் எவ்வளவு நேரம் அவர் உயிரோடு கிடந்தார் என்பதைக் காப்பி சொல்லவில்லை.

"ஆறிப்போச்சேக்கா. வேற போட்டுட்டு வாரேன்" என்றாள் எப்சிபா.

"ஒரு மணி நேரம் ஆவுது எப்சி, ஆறுததுக்கு."

எப்சிபா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மாடியில நிக்கும்போது கீழ என்னமோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. பூனைன்னு நெனச்சேன்."

எப்சிபா டம்ளரை எடுத்தாள். திரும்பவும் கீழே வைத்தாள். காலையில் அச்சன்புதூரிலிருந்து போன் போட்டு, தன் மகளுக்கு வந்த வரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அவள்தான்.

"வைக்கட்டுமான்னு நீ ரெண்டு தடவ கேட்டக்கா. நான்தான் விடல."



மகன் துபாயிலிருந்து மறுநாள்தான் வந்துசேர முடியும் என்பதால் ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருந்தார்கள். ஐந்தரைக்கு வந்தது. பென்னியின் தம்பி கிங்ஸ்லியும் மூன்று பேரும் அவரைத் தூக்கி உள்ளே வைத்து, மூடி, சுவிட்சைப் போட்டார்கள். சிறிது நேரத்தில் கண்ணாடியில் ஈரம் பூத்து முகம் மறைந்தது. எப்சிபா முந்தானையால் துடைத்தாள், முகம் தெரிந்தது. மறுபடியும் மறைந்தபோது, பெர்சிஸ் எழுந்து போய் எதிர்ப்பக்கம் நின்று, உள்ளங்கையால் துடைக்க ஆரம்பித்தாள்.